எல்லாம் டீலர் செயல்

போக்கர் மேஜையில் ஒன்பது பேர் ஆடுவார்கள். பத்தாவதாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் கவலை கிடையாது. ராஜா விழுந்தாலும் ரெண்டு விழுந்தாலும் அவன் சம்பளம் அதேதான். அந்த மேஜையிலேயே பற்றற்ற ஒரே ஜீவன் அவன். ஆனால் மற்ற ஒன்பது பேரும் தங்கள் தலையெழுத்தை எழுதுகிறவன் அவன்தான் என்று மனமார நம்புகிறார்கள். அவனுக்கு டீலர் என்று பெயர். நான் பார்ப்பது அந்த வேலைதான்.

ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் ஒரு போட்டிக்கு டீலராகப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. "மச்சான், நீ கொடுத்து வச்சவன்டா. பீச், தென்னமரம், நீலக் கடல்!" என்றான் கூட வேலை பார்த்த ஒருவன். அவன் சொன்னது எல்லாமே அங்கே உண்டு. ஏர்போர்ட்டிலிருந்து டாக்சியில் வரும்போது பார்த்தேன். அதற்கப்புறம் என்னை உட்கார வைத்தது ஜன்னலே இல்லாத ஒரு ஹாலில். கம்பெனி மாநாடும் கல்யாண ரிசப்ஷனும் நடத்துவதற்குக் கட்டியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மேஜைகள். வெளியே இதமான வெயில், கடல் காற்று. உள்ளே கொடைக்கானல் மார்கழி. ஏசியைக் குறைத்தால் ஆட்டக்காரர்கள் தூங்கிவிடுவார்களாம். வெப்பமண்டலத் தீவுக்குப் போய், கறுப்பு யூனிபார்ம் சட்டைக்கு உள்ளே உல்லன் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஊர்க் கதையே சூதாட்டத்துக்குப் பொருத்தமானது. நாசோ நகரத்திலிருந்து பாலம் ஏறி இறங்கினால் பாரடைஸ் ஐலண்ட், சொர்க்கத் தீவு. ஒரு காலத்தில் அதற்குப் பெயர் பன்றித் தீவு. ஏ அண்ட் பி என்ற அமெரிக்க மளிகைக்கடைச் சாம்ராஜ்யத்தின் வாரிசு ஹண்டிங்டன் ஹார்ட்ஃபோர்டு, 1959இல் அந்தத் தீவை விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றினார். நியாயம்தானே? பன்றித் தீவில் எவன் காசு கொடுத்துத் தங்குவான்? ஓஷன் கிளப் என்று ஒரு சொகுசு விடுதி கட்டினார். தாத்தா பருப்பும் காபித்தூளும் விற்றுச் சேர்த்த பணத்தை மணலில் கொட்டினார். கேசினோ லைசென்ஸ் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் தீவு மேரி கார்ட்டர் என்ற பெயின்ட் கம்பெனியின் கைக்குப் போனது. லைசென்ஸ் அவர்களுக்கு வாய்த்தது. 1960களின் கடைசியில் கேசினோவைத் திறந்ததும் பெயின்ட் வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். ஆக, முதல் சீட்டு விழுவதற்கு முன்பே அந்தத் தீவில் முதல் ஆள் தோற்றாகிவிட்டது.

2006இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் போக்கர் ஆடி ஒருவனுடைய ஆஸ்டன் மார்ட்டின் காரை ஜெயிப்பாரே, அது அதே ஓஷன் கிளப்பில்தான். நிஜப் போட்டியில் கார் சாவியை மேஜையில் வைத்தால் டீலர் அதை எடுத்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். அதே படத்தில் பின்னால் வரும் பெரிய ஆட்டத்தில் ஜெயித்த கையோடு பாண்ட் டீலருக்கும் தாராளமாகத் தள்ளிவிட்டுப் போவார். அந்தக் காட்சியில் அழுத ஒரே பார்வையாளர் வர்க்கம் நாங்கள்தான்.

நிஜப் போக்கர் போட்டி அங்கே வந்தது அந்தப் படத்துக்குக் கொஞ்சம் முன்னால். 2004இல் போக்கர்ஸ்டார்ஸ் என்ற ஆன்லைன் போக்கர் கம்பெனி தன் கரீபியன் போட்டியை ஒரு சொகுசுக் கப்பலில் நடத்தியது. ஜெயித்தவர் டென்மார்க்கின் கஸ் ஹான்சன். மறு வருஷம் போட்டி கரையேறிப் பாரடைஸ் ஐலண்டுக்கு வந்தது. 2019 ஜனவரியில் நாசோவில் நடந்த ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணமே 25,000 டாலர். அதற்கு 1,039 பேர் பதிவானார்கள். ஜெயித்தவர் ஸ்பெயின்காரர் ரமோன் கொலியாஸ். அவர் அந்த 25,000ஐக் கைக்காசாகக் கட்டவில்லை. பரிசாகக் கிடைத்த இலவச பாஸில் வந்து 51 லட்சம் டாலரோடு ஊர் போய்ச் சேர்ந்தார். இந்தக் கதை ஆட்டக்காரர்களை ஒரு வழி பண்ணிவிட்டது. ஒவ்வொருவனும் தன்னை அடுத்த கொலியாஸ் என்று நினைத்துக்கொண்டுதான் நாற்காலியை இழுத்துப் போடுகிறான். ஒவ்வொருவனுக்கும் குறுக்கே நிற்பது நான்.

நான் தொழில் படித்தது கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோப் படகு ஒன்றில். பிறகு சில காலம் கப்பல். இப்போது எங்கே போட்டியோ அங்கே பெட்டி. அம்மா அக்கம்பக்கத்தில், "ஹோட்டல் லைன்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை. ஹோட்டலுக்கு உள்ளேதான் இருக்கிறேன்.

வேலை இதுதான். சீட்டுக் கட்டைக் கவிழ்த்து மேஜையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அது வாஷ். பிறகு திரட்டி, இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் மூலையை விட்டு ஒன்றுக்குள் ஒன்று புகுத்த வேண்டும். அது ரிஃபிள். இன்னொரு ரிஃபிள். அடுத்தது பாக்ஸ், மேலிருந்து கொத்துக் கொத்தாக உருவிக் கீழே அடுக்குவது. மறுபடி ரிஃபிள். ஒரு வெட்டு. கட்டு எப்போதும் மேஜையோடு ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தூக்கினால் அடிச்சீட்டு எவன் கண்ணிலாவது பட்டுவிடும். இத்தனையும் பார்க்கிறவன் கொட்டாவி விடுவதற்குள் முடிந்துவிடும்.

பெர்சி டயகோனிஸ் என்றொரு கணிதப் பேராசிரியர். பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடி ஒரு மந்திரவாதியோடு ஊர் சுற்றியவர். சீட்டு அவருக்குக் கைவந்த கலை. அவரும் டேவ் பேயரும் சேர்ந்து 1992இல், 52 சீட்டும் ஒழுங்காகக் கலைய ஏழு ரிஃபிள் வேண்டும் என்று நிரூபித்தார்கள். நாங்கள் போடுவது மூன்று. மிச்சத்தை வாஷும் பாக்ஸும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஆராய்ச்சியை அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒருத்தன் மேஜைக்கு மேஜை இருப்பான். ஜெயிக்கிற வரையில் வாய் திறக்க மாட்டான். தோற்ற மறுநிமிஷம், "நீ சரியாகக் கலைக்கவில்லை" என்பான்.

கலைப்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. 52 சீட்டை எத்தனை வரிசையில் அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 68 இலக்க எண் வரும். அதாவது நன்றாகக் கலைந்த ஒரு கட்டில் இருக்கும் வரிசை, சீட்டு கண்டுபிடித்த நாளிலிருந்து எவன் கையிலும் வந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியொரு புத்தம்புதுப் படைப்பை நான் அரை மணி நேரத்துக்குப் பதினைந்து தடவை படைக்கிறேன். பிரம்மாவுக்கே இந்த வேகம் வராது. ஆனால் பிரம்மாவிடம் போய் எவனும், "போன தடவை வந்த டீலர் உன்னை விட நல்லவன்" என்று சொல்வதில்லை.

அரை மணிக்கு ஒரு தரம் தோளில் ஒரு தட்டு விழும். அடுத்த டீலர் வந்துவிட்டான், நான் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எழுந்திருக்கும்போது கையை ஒரு தடவை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டுவது விதி. சிப் எதுவும் கையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்பதற்குச் சாட்சி. எலும்பில் ஊறிப்போன பழக்கம். ஊருக்குப் போயிருந்தபோது சித்தி வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் என்னை அறியாமல் கையைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டேன். சித்தி ஒரு நிமிஷம் பார்த்தாள். "என்னல, வெள்ளி டம்ளரை எடுக்கலன்னு காட்டுதியா?"

தீவுப் போட்டிக்கே உரிய ஒரு தொழில் சங்கடம் சன் கிரீம். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் நீச்சல் குளத்துக்கு ஓடுவார்கள். முதுகு, கை, கால் எல்லாம் கிரீமைக் குழைத்துப் பூசிக்கொண்டு, அந்தக் கையோடு வந்து சீட்டைத் தொடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டு முழுவதும் பிசுபிசுப்பு. ஒரு சீட்டை வீசினால் இரண்டாகப் போய் விழும். இரண்டாவது ஆள் அரைக்கால் சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்காருவான். ஐந்தாவது ஆள் செருப்பிலிருந்து கால் கிலோ கடற்கரை மண்ணைக் கம்பளத்தில் உதறுவான். கறுப்புக் கண்ணாடி மட்டும் யாரும் கழற்ற மாட்டார்கள். வெயில் கொளுத்தும் குளத்தங்கரையில் நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை, சூரியனே எட்டிப் பார்க்க முடியாத ஹாலுக்குள் வந்ததும் இறக்கிக் கண்ணுக்கு மாட்டிக்கொள்வார்கள். கண்ணைப் பார்த்துச் சீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். தலைக்கு மேல் ஹூட், காதில் ஹெட்போன். யார் பந்தயம் கட்டினார்கள், எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டி இவர்களை எழுப்பிச் சொல்ல வேண்டும்.

கட்டு பிசுபிசுத்தால் கையைத் தூக்கி, "ஃப்ளோர்!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஃப்ளோர் என்பவர் மேற்பார்வையாளர். வந்து பார்த்து, முகர்ந்தும் பார்த்து, புதுக் கட்டு வரவழைப்பார். உடனே மேஜை இரண்டு கட்சியாகப் பிரியும். அதுவரை ஜெயித்தவன், "என் ராசியான கட்டைப் பிடுங்கிட்டானே" என்பான். தோற்றவன் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அடுத்த கால் மணியில் அவனும் தோற்பான். பந்தி பரிமாறுகிறவன் நிலைமைதான் எனக்கும். சமைத்தது யாரோ, பரிமாறியது வரிசைப்படி, வடை கருகி வந்தால் ஏசப்படுகிறவன் வாளி தூக்கினவன்.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்று நம் ஊரில் வழக்கு நடந்து, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள்தான் என்றது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் மேஜையில் மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. ஜெயித்தவனைக் கேட்டால் திறமை என்பான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அதிர்ஷ்டம் என்பான். தோற்றவன் என்னைக் கை காட்டுவான்.

ஒரு நாள் புது மேஜைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். ஆறாவது நாற்காலியில் இருந்தவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் ஊரையுமே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் குனிந்து, "தமிழோ?" என்றார். கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர். தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டம் நடக்கும்போது மேஜையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டு சீட்டைச் சொல்லிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக.

"தூத்துக்குடியோ? பக்கத்திலதான். ஒரு நல்ல சீட்டாப் பாத்துப் போடுங்கோவன், தம்பி."

"இங்கிலீஷ் ஒன்லி ப்ளீஸ், சார்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. எவ்வளவு நாள் கழித்துக் கேட்ட தமிழ்! அவர் சொன்னது என்ன மொழியென்றே தெரியாத மற்ற எட்டுப் பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் அர்த்தத்தோடு கண்ணைச் சிமிட்டினார். போச்சு. அதற்கப்புறம் அவருக்கு வீசிய ஒவ்வொரு சீட்டையும் ஒன்பது ஜோடிக் கண்கள் தொடர்ந்தன. முதலில் அவருக்கு விழுந்தது ஏழும் ரெண்டும், வேறு வேறு ஜாதி. போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது. அடுத்து மூணும் எட்டும். அதற்கடுத்து மறுபடியும் ஏழும் ரெண்டும். என் அரை மணி முடிந்து நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது, விதியையும் மறந்து வாய்விட்டே சொன்னார்:

"எங்கட ஆக்கள் எங்கட ஆக்களுக்கு ஒருநாளும் செய்ய மாட்டினம்."

கூட வேலை பார்த்தவர்களில் எனக்குப் பிடித்தது ஒரு நாசோக்கார அம்மா. அவர் கலைத்தால் கட்டு முணுமுணுக்கும், சத்தம் போடாது. "நீங்க ஏன் ஆடுறதில்லை?" என்று கேட்டேன். சிரித்தார். பஹாமாஸ் குடிமக்கள் கேசினோவில் சூதாடுவது சட்டப்படி குற்றம். சீட்டுக் கலைக்கலாம், சிப் எண்ணலாம், சாராயம் ஊற்றிக் கொடுக்கலாம், ஆடத்தான் கூடாது. "எங்க சர்க்காருக்கு எங்க மேல அவ்வளவு அக்கறை, மகனே. உங்களை எல்லாம் பத்திக் கவலை இல்லை." சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் நேரே போய் நின்றது நம்பர் கடையில். அங்கே வெப் ஷாப் என்பார்கள். லாட்டரி எண்ணில் பணம் கட்டும் கடை, 2014இல் சட்டபூர்வமானது, தெருவுக்குத் தெரு உண்டு. முந்தின ராத்திரி கண்ட கனவை எண்ணாக மாற்றிக் கட்டுவார். போக்கரில் இவ்வளவு நேரம் கணக்குப் போட்டு இவர்கள் தோற்பதைப் பார்த்தால், கனவு ஒன்றும் மோசமான முறையில்லை என்பது அவர் கட்சி.

அவர்தான் என்னைப் பாலத்துக்கு அடியில் போட்டர்ஸ் கீ என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். வரிசையாக மரக் கடைகள். கடைக்காரர் பெரிய சங்கை எடுத்து, முதுகில் சுத்தியலால் ஓர் ஓட்டை போட்டு, கத்தியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பி, சதையை முழுசாக உருவினார். தோலைச் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் சேர்த்து, எலுமிச்சையும் ஆரஞ்சும் பிழிந்து, பச்சையாகவே நீட்டினார். நான் சங்கு குளிக்கிற ஊரில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் சங்குச் சதையைக் காயவைத்துச் சமைப்பார்கள். உயிரோடு இருந்ததை இரண்டு நிமிஷத்தில் டம்ளரில் பார்த்ததில்லை. சாப்பிட்டேன். உறைத்தது, புளித்தது, மெல்ல மெல்ல இனித்தது. தீவில் நான் செய்த ஒரே சுற்றுலா அதுதான் என்பதால் அதைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் உச்சம் பப்பிள். போட்டியில் நுழைந்தவர்களில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் பரிசுப் பணம். அந்தக் கோட்டைத் தொடுவதற்கு இன்னும் ஒரே ஒருவன் வெளியேற வேண்டும் என்ற கட்டம் வரும். அப்போது ஹால் முழுவதும் எல்லா மேஜையும் ஒரே நேரத்தில் ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தை முடித்த டீலர் எழுந்து நிற்பான். யாராவது கையிருப்பு முழுவதையும் வைத்து, எதிராளியும் ஒப்புக்கொண்டால், டீலர் அடுத்த சீட்டைத் திறக்கவே கூடாது. மைக்கோடு போட்டி டைரக்டர் வர வேண்டும், கேமரா வர வேண்டும், மற்ற மேஜையிலிருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் வர வேண்டும்.

அன்றைக்கு அது என் மேஜையில் நடந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மூக்கும் காதும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. சிப் கொஞ்சம்தான் மிச்சம். ராத்திரியெல்லாம் ஒவ்வொரு கையாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எல்லாவற்றையும் முன்னால் தள்ளினார். எதிரே ஹூட் போட்ட பையன் யோசிக்காமல் ஒப்புக்கொண்டான். சீட்டைத் திருப்பினார்கள். பெரியவரிடம் இரண்டு ஏஸ். 221 தடவைக்கு ஒரு தடவை வருகிற கை. பையனிடம் இரண்டு ஏழு. நான் கையைத் தூக்கிக் கத்திவிட்டு, கட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

காத்திருக்கிற அந்த நேரம் இருக்கிறதே! பெரியவர் சீட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு மேல ஒண்ணும் பண்ணிடாதே" என்றார். நான் செய்ய வேண்டியதை எல்லாம் கலைத்தபோதே செய்தாகிவிட்டது, மேஜை நடுவில் இருவருக்கும் பொதுவாக விழப்போகும் ஐந்து சீட்டும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன, இனிமேல் நான் வெறும் கதவு திறக்கிறவன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியாது. டீலர் பேசக் கூடாது. பையன் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். யாருக்காக என்று தெரியவில்லை.

டைரக்டர் தலையசைத்தார். முதல் மூன்று சீட்டு: ராஜா, நாலு, ஜாக்கி. கூட்டம் மூச்சு விட்டது. நாலாவது சீட்டு ரெண்டு. பெரியவர் பாதி எழுந்துவிட்டார். தெரியாத சீட்டு இன்னும் 44. பையனுக்கு மூன்றாவது ஏழு விழுந்தால்தான் ஜெயிப்பான்; அதில் ஏழு இரண்டே இரண்டு. விதிப்படி ஒரு சீட்டைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட்டு, ஐந்தாவதைத் திருப்பினேன்.

கிளாவர் ஏழு.

ஹாலே வெடித்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டுகிறார்கள், கட்டிப் பிடிக்கிறார்கள், விசில் அடிக்கிறார்கள். அவர் போய்விட்டதால் மிச்சம் எல்லாருக்கும் பணம் உறுதி. ஒரு மனிதன் தோற்றதற்கு நூற்றுக்கணக்கான பேர் எழுந்து நின்று கைதட்டும் இடம் தேர்தலை விட்டால் இது ஒன்றுதான். பையன், "ஏழு வரும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றான். கட்டைக் கையில் வைத்திருந்த எனக்குத் தெரியாது. பெரியவர் மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார், பையனுக்குக்கூட. என்னிடம் வந்தபோது கையை நீட்டவில்லை. தோளில் கை வைத்து, ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "நீ நல்ல பையன். ஆனா இனிமே என் மேஜைக்கு வராதே."

ஊரில் போன தீபாவளிக்கு மாமா வீட்டு நடு ஹாலில் பாய் விரித்து ரம்மி நடந்தது. பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். என்னைக் கட்டைத் தொடவே விடவில்லை. "நீ புரொபஷனல், தள்ளி இரு" என்று எல்லாரும் ஒரே குரல். மாமா அன்றைக்கு எடுத்த சீட்டெல்லாம் குப்பை. சாயங்காலத்துக்குள் நானூறு ரூபாய் போய்விட்டது. ஆட்டம் கலைந்ததும் நேரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏல மருமவனே, கடைசிக் கட்டைக் கலைச்சது நீதான?"

நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.